பாதி வழியில் திரும்பிய பலகை

பலகை இன்னும் வரவில்லை.

பஸ்ஸின் முதல் சீட்டில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தேன். "குளிருது, மூடும்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்ததும் மூடினேன். உடனே மூச்சு முட்டுவது போல இருந்தது. திரும்பவும் எழுந்தேன்.

"சும்மாவா உனக்குப் பம்பரம்னு பேர் வெச்சாங்க?" என்றார் பெரிய டிரைவர். ஸ்டீரிங் மேல் இரண்டு கையையும் போட்டு, அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு, எதிரே இறங்கியிருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காரு. நீ குதிச்சா கேட் திறந்துருமா?"

"பத்து மணிக்கு டெஸ்ட்டு அண்ணே."

"தெரியும். நேத்துலேர்ந்து ஊருக்கே தெரியும்."

ஊருக்கு ஒரே பஸ். பெரிய டிரைவருக்குக் கண்ணில் புரை விழுந்து, மாதக் கடைசியோடு இறங்கிவிடப் போகிறார். கனரக வண்டி லைசென்ஸ் டெஸ்ட் கீழூரில் மாதம் ஒரு தடவைதான். இன்று போய்ப் பாஸ் பண்ணினால் பஸ் எனக்கு. விட்டால் என் அண்ணனுக்கு. அவனிடம் லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அவன் பஸ்ஸுக்கு வந்துவிட்டால் பால் வேனை யார் ஓட்டுவது? பஸ் கமிட்டிக்கு அதுதான் கவலை. பஸ்ஸும் வேண்டும், விடிந்தால் பாலும் வேண்டும். அதனால்தான் எனக்கு இந்த ஒரு வாய்ப்பு.

எனக்கு ஏன் இந்த பஸ் மேல் இப்படி ஒரு வெறி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊரை விட்டு ஓடிப் போகிற ஆசை எனக்குக் கிடையாது. ஊரிலேயே கிடக்கவும் முடியாது. போய்விட்டு வர வேண்டும். வந்ததும் போக வேண்டும். அதையே ஒரு வேலையாகக் கொடுப்பார்கள் என்றால், அதை விட்டுவிட்டு வேறு என்ன செய்வேன்?

ஆனால் இப்போது பலகை வர வேண்டும்.

எங்கள் ரோடு ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பு உயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வண்டிகள் கொஞ்ச நேரம் ஏறும், அப்புறம் கொஞ்ச நேரம் இறங்கும். இரண்டும் சேர்ந்து நடக்காது. மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட். ஏறுகிற வண்டிகளில் கடைசி வண்டியிடம் கீழ்கேட்டில் ஒரு சிவப்புப் பலகையைக் கொடுத்து அனுப்புவார்கள். அது மேல்கேட்டுக்கு வந்து சேர்ந்தால், ரோட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். உடனே கேட் திறக்கும், நாங்கள் இறங்கலாம். எங்களில் கடைசியாக இறங்குகிறவர் அதே பலகையைக் கீழே கொண்டு போவார். அங்கே அது சேர்ந்ததும் அடுத்து ஏறுகிறவர்கள். அவ்வளவுதான். பலகை இருக்கிற பக்கத்துக்குத்தான் ரோடு.

ஊர் பிறந்தது கல்லுக்காக. கூரைக்குப் போடுகிற சாம்பல் நிறத் தட்டைக் கல். குவாரி முதலாளி பாறையைக் குடைந்து ரோடு போட்டபோது ஒரு கல் வண்டி இறங்குகிற அகலத்துக்கு மேல் ஓர் அடிகூட வெட்ட மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். கல் இறங்கத்தானே போகிறது என்பது அவர் கணக்கு. இங்கே ஏறி வந்து குடியிருக்க ஒரு கூட்டம் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கல் தீர்ந்தது. முதலாளி போனார். நெஞ்சு நோய்க்காரர்களுக்கு இந்தக் காற்று நல்லது என்று யாரோ சொல்ல, குவாரிக் கொட்டகைகள் ஆஸ்பத்திரி வார்டுகள் ஆயின. மாத்திரை கண்டுபிடித்தார்கள், நோயாளிகள் குறைந்தார்கள். பாதி வார்டுக்கு வெள்ளையடித்து ஓட்டல் ஆக்கினார்கள். இப்போது சுற்றுலாக்காரர்கள் அதே வராந்தாவில், அதே சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்னா காத்து!" என்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் அவர்களை ஊரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போவது நான்தான். இதையெல்லாம் நான் சொல்கிற வேகத்துக்கு அவர்களால் நடக்க முடியாது.

பலகை வந்த கதைதான் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். குவாரி மூடி, ஆஸ்பத்திரி வந்த புதிது. பலகை என்று ஒன்று இல்லை. மேல்கேட்டில் இருந்தவர் ஏறி வந்த டிரைவரிடம், "எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டார். "வந்தாச்சு, வந்தாச்சு" என்றார் அவர். கேட் திறந்தது. ஆஸ்பத்திரி வண்டி ஒன்று இறங்கியது. முட்டி வளைவு என்கிற திருப்பத்தில் எதிரே காலி லாரி ஒன்று. ஆஸ்பத்திரி வண்டிக்கு வழிவிட லாரிக்காரர் பின்னால் எடுத்தார். மேகம். சுவர் அப்போது கிடையாது. அந்த லாரியின் பின்கதவு மட்டும் பாறையில் மாட்டிக்கொண்டு நின்றதாம். அதிலிருந்து அறுத்து, சிவப்படித்து, கயிறு கட்டியதுதான் இந்தப் பலகை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள்.

இவ்வளவையும் வாரா வாரம் சொல்கிற நானேதான் இப்போது பஸ்ஸிலிருந்து குதித்து சித்தப்பாவிடம் ஓடினேன்.

மேல்கேட் சித்தப்பாவின் பொறுப்பு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கூண்டு. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு போன், ஒரு பிளாஸ்க்.

"சித்தப்பா, திறங்க."

"பலகை?"

"அண்ணன் வேன் மேல வந்து எவ்ளோ நேரமாச்சு! அவன்தான் கடைசின்னு கீழ்கேட்டுக்காரரே போன்ல சொல்லிட்டாரே!"

"சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

"பால் வேன் கடைசின்னா பலகை பால் வேன்ல வந்திருக்கணும். வரல."

"மறந்து எடுத்துட்டுப் போயிருப்பான். அவன் மண்டைல என்ன நிக்குது?"

"போன் பண்ணு."

"பண்ணிட்டேன். எடுக்கல. சித்தப்பா, என் மூஞ்சியப் பாருங்க. ரோடு காலி. உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு தடவை."

சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்டைப் பார்த்தார். "மருமகப்புள்ளையே வந்து கேட்டாலும் கிடையாது. உன் அண்ணன்கிட்ட இருந்தா ஓடிப் போய் வாங்கிட்டு வா. அதுக்குத்தான கால் துறுதுறுங்குது?"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஸ்கூல் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழூர் ஸ்கூலோடு இன்று கால்பந்து மேட்ச். எல்லோரும் அதே நீல டிராயர், அதே குளிர். விளையாட்டு வாத்தியார் படியில் நின்று கத்தினார். "பம்பரம்! சீக்கிரம் கொண்டாம்மா! பசங்க இங்கயே பஸ்ஸுக்குள்ள ஆட ஆரம்பிச்சிட்டானுங்க!"

ஓடினேன்.

எங்கள் ஊரில் தெரு கம்மி, படி ஜாஸ்தி. குவாரியில் உடைந்த கல்லை எல்லாம் சரிவில் கொட்டி, ஒழுங்குபடுத்திப் படி ஆக்கிவிட்டார்கள். ஒரு வீட்டின் வாசல் இன்னொரு வீட்டின் கூரைக்கு நேராக இருக்கும். ஒருவர் பல் தேய்த்துத் துப்பினால் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து திட்டுவார். வேன் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். நான் நேராக ஏறினால் பிடித்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் என்னை ஜெயித்ததே இல்லை.

முதலில் பேக்கரி. பேக்கரிக்காரர் மாவு அப்பின கையோடு ட்ரேயை இழுத்துக்கொண்டிருந்தார்.

"பால் வேன் போயிருச்சா?"

"இப்பதான் போனான். ஏம்மா இப்படி இரைக்குது? அடுப்புக்கிட்ட வந்து நில்லு."

"என் அண்ணன் கையில சிவப்புப் பலகை இருந்துச்சா?"

"பலகையா? பால் கேன்தான் இருந்துச்சு. என்ன, பலகை தொலைஞ்சு போச்சா?" அவர் கண் பெரிதானது. நான் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே திரும்பி, "ஏய், பலகை தொலைஞ்சு போச்சாம்டா!" என்று கத்திவிட்டார். இனி ஊர் முழுக்க என்னைவிட வேகமாக இந்தச் செய்தி ஓடும்.

அடுத்த படிக்கட்டு நீளம். ஏற ஏற மனசுக்குள் ஒன்று முளைத்தது. மறந்திருக்க மாட்டான். அண்ணன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. எந்த வீட்டுக்கு எவ்வளவு பால், யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டில் விருந்தாளி, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பலகையை மட்டும் மறப்பானா? விடியற்காலையில் எழுந்து எழுந்து அலுத்துவிட்டது, பஸ் கிடைத்தால் நிம்மதி என்று போன வாரம் சாப்பிடும்போது சொன்னான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். இன்று கேட் திறக்காவிட்டால் எனக்கு டெஸ்ட் போச்சு. டெஸ்ட் போனால் பஸ் அவனுக்கு. மேலே போய்ச் சேருவதற்குள் எனக்கு எல்லாம் நிச்சயமாகிவிட்டது.

வேன் ஆஸ்பத்திரி கிச்சனுக்குப் பின்பக்கம் நின்றது. அண்ணன் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இறக்கிக்கொண்டிருந்தான்.

"எடுடா பலகைய!"

கேனை மெதுவாக வைத்தான். "என்னது?"

"நடிக்காத! எங்க ஒளிச்சு வெச்சிருக்க? கேனுக்கு அடியிலயா?" வேனுக்குள் ஏறி கேன்களைத் தள்ளினேன். ஒன்று கவிழப் பார்த்தது. அவன் பிடித்துக்கொண்டான். கிச்சன் ஜன்னலில் தலைகள்.

"ஏய், ஏய்! பால் கொட்டும்! என்னடி ஆச்சு உனக்கு?"

"பஸ் வேணும்னா நேரா கேளு! என் டெஸ்ட்டக் கெடுத்துத்தான் வாங்கணுமா?"

அவன் முகம் மாறியது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "பலகை என்கிட்ட இல்லடி. மருந்துக்கடை அக்காகிட்ட இருக்கு."

"அவங்க எப்படி...?"

"எனக்குப் பின்னாடி ஸ்கூட்டர்ல வந்தாங்க. கீழ்கேட்ல எனக்குப் பலகையக் குடுத்துக் கேட்டச் சாத்திட்டாங்க. அப்புறம் அக்கா வந்து, ஸ்கூட்டர்தானே, சந்துல விடுங்கன்னு கெஞ்சியிருப்பாங்க. விட்டுட்டாங்க போல. கண்ணாடில லைட் தெரிஞ்சுது. கடைசி ஆள்கிட்டதான பலகை இருக்கணும்? முட்டி வளைவுல நிறுத்தி அவங்க கழுத்துல மாட்டி விட்டுட்டு வந்தேன். எனக்குப் பின்னாடியேதான் வந்துக்கிட்டு இருந்தாங்க, அதான் சித்தப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்." அவன் நிறுத்தினான். "அவங்க இன்னும் வரலையா?"

நான் வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சித்தப்பாவிடம் நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் கேட்டது. ரோடு காலி. உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு தடவை.

"ஏறு" என்றான் அண்ணன். கிச்சனுக்கு இன்னும் பாதிப் பால் இறக்கவில்லை. அப்படியே கிளப்பினான்.

சித்தப்பா முழுவதையும் கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழ்கேட்டுக்குப் போன் போட்டார். "ஸ்கூட்டர் விட்டியா? ... விட்டியா, இல்லையா? ... ஸ்கூட்டர் வண்டி இல்லாம என்ன, கழுதையா?" என்று கேட்டு, வைத்தார். பிறகு எங்களிடம், "நடந்து போங்க. பாறைப் பக்கமா. குரல் குடுத்துக்கிட்டே போங்க" என்றார்.

பஸ்ஸில் விஷயம் பரவி எல்லோரும் ஜன்னலுக்கு வந்திருந்தார்கள். விளையாட்டு வாத்தியார் மட்டும் படியிலிருந்து இறங்கி வந்து, "நானும் வரவா?" என்றார். "பசங்கள யாரு பாத்துக்கிறது?" என்று சித்தப்பா திருப்பி அனுப்பினார்.

மேகத்துக்குள் இறங்கினோம். நான் ஓடினேன். அண்ணன் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தான். "அக்கா!" என்று கத்தினோம். எங்கள் குரல் பாறையில் இடித்து எங்களுக்கே வந்தது. ரெண்டு வளைவு. ஒன்றும் இல்லை. சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். 

முட்டி வளைவை நெருங்கியதும், "எதுக்கு இப்படிக் கத்தறீங்க? காது நல்லாத்தான் கேக்குது" என்று ஒரு குரல்.

மருந்துக்கடை அக்கா சுவர் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருந்துப் பெட்டி, எதிரே ஸ்கூட்டர், கழுத்தில் பலகை. மழைக்கோட்டுக்கு மேல் சிவப்பாக அது தொங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அக்கா! அடி ஏதாவது...?"

"பெட்ரோல் தீந்துபோச்சுடி. போடணும்னு மூணு நாளா நினைச்சுக்கிட்டே இருக்கேன்."

"பலகைய எடுத்துக்கிட்டு நடந்து வந்திருக்கலாம்ல?" என்றான் அண்ணன்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, வண்டிய ரோட்டுல விட்டுட்டுப் பலகைய மட்டும் மேல கொண்டு போனா, உங்க சித்தப்பா ரோடு காலின்னு திறந்து விட்டுருவாரு. பஸ் வந்து ஸ்கூட்டர்ல முட்டும். இதுகூடத் தெரியாமயா இந்த ஊர்ல கடை வெச்சிருக்கேன்? தள்ளிப் பாத்தேன். இந்த ஏத்தத்துக்கு என் இடுப்பு ஒத்துக்கல. போன்ல சிக்னலும் இல்ல. யாராவது தேடி வருவீங்கன்னு உக்காந்துட்டேன்."

அண்ணன் உடனே ஹேண்டிலைப் பிடித்தான். "சரி, நீ பின்னாடி பிடி. தள்ளிரலாம்."

நான் பிடித்தேன். நாலடி தள்ளியிருப்போம். ரோடு முகத்துக்கு நேராக எழும்பி நின்றது. வழியெல்லாம் இப்படித்தான். மேலே போய்ச் சேர்ந்து, பலகையைக் கொடுத்து, கேட் திறந்து, பஸ் இந்த வளைவெல்லாம் ஊர்ந்து இறங்கி... பத்து மணி எப்போதோ முடிந்திருக்கும்.

கையை எடுத்தேன். ஸ்கூட்டர் பின்னால் சரிந்து என் முட்டியில் இடித்தது. கீழே பார்த்தேன். மேகம். மேகத்துக்குக் கீழே சரிவு. சரிவு முழுக்க, கீழ்கேட் வரைக்கும், இறக்கம்.

"அண்ணா, இது பெட்ரோல் இல்லாம மேல ஏறாது."

"அதான் தள்ளறோம்."

"ஆனா கீழ இறங்கும்."

அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அக்காவுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் அண்ணன். "பலகை பாதி வழில திரும்பினதே கிடையாது. இதுவரைக்கும் கிடையாது. ஒரு தடவைகூட."

"தெரியும். ஊர்க் கதைய எனக்கே சொல்றியா? திரும்பக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே. பலகை மேல வரல. அதனால மேல கேட் திறக்காது. கீழயும் இல்ல. அதனால அங்கயும் திறக்காது. நடுவுல நாம மூணு பேர்தான். பலகை என்கிட்ட இருக்கிற வரைக்கும் ரோடு என்னுது. கீழ போய் அவர்கிட்ட குடுத்தா அவர் ஏத்திவிடுவாரு. எல்லாம் முறைப்படிதான்."

"அப்ப மேல நிக்கிற பஸ்ஸு?"

நான் ஸ்கூட்டர் சீட்டிலிருந்த ஈரத்தைத் துடைத்தேன்.

"கீழ நிக்கிற வண்டி எல்லாம் மேல வந்து, அப்புறம் பலகை வந்து, அப்புறம்தான் பஸ்ஸு. பசங்க மேட்ச் போச்சு. பல்லு வலின்னு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. எல்லாரும் இன்னும் ஒரு முறை காத்துக் கிடக்கணும், உனக்காக."

"தள்ளிக்கிட்டு மேல போனா மட்டும் அவங்க நேரத்துக்குப் போயிருவாங்களா?"

"கொஞ்சமாவது சீக்கிரம் போவாங்க."

"நான் போக மாட்டேன். அது உனக்கு வசதிதான?"

சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை. அக்கா, "ஏய்" என்றார் அடிக்குரலில். அண்ணன் ஸ்கூட்டரின் ஸ்டாண்டைப் போட்டான். மழைக்கோட்டின் கையால் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான்.

"எனக்கு அந்த பஸ் வேணும்" என்றான். "ஆமா. வேணும். வெயில் வந்ததுக்கப்புறம் எழுந்திருக்கிற ஒரு வேலை வேணும். ஆனா நீ கேட்டுல மாட்டி, மழையில நனைஞ்சு, டெஸ்ட்டுக்கே போகாம எனக்குக் கிடைக்கிறதுன்னா, தினம் அந்த ஸ்டீரிங்கப் பிடிக்கும்போது உன் மூஞ்சிதான் தெரியும். அது பாக்கச் சகிக்காது." மழைக்கோட்டைக் கழற்றி என் மேல் எறிந்தான். "ஆனா ஒண்ணு. நாளைக்கு அந்த பஸ்ல ஏறப்போறது மேல நிக்கிறவங்கதான். அவங்க என்ன சொன்னாலும் வாங்கிக்கணும். நான் உனக்காகப் பேச மாட்டேன்."

"பேச வேணாம்."

"பிரேக் நல்லாருக்கா அக்கா?"

"பிரேக் இருக்கு. பெட்ரோல்தான் இல்ல" என்ற அக்கா, கழுத்திலிருந்து பலகையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். கனம் தோளை இழுத்தது. "என் வண்டிக்குக் கீறல் விழுந்தா உனக்கு ஜென்மத்துக்கும் தலைவலி மாத்திரை கிடையாது."

அவர்கள் இருவரும் மருந்துப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார்கள். நான் காலை எடுத்தேன்.

இன்ஜின் சத்தமே இல்லாமல் அந்த ரோட்டில் நான் போனதில்லை. டயர் நனைந்த தார் மேல் உருளுகிற சத்தம், பாறையிலிருந்து சொட்டுகிற சத்தம், என் மூச்சு. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் பலகை முன்னால் ஆடி மூக்கில் இடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் காலும் கையும் ஒரே வேகத்தில் போயின. சந்தோஷமாக இருந்தது. மேலே பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களை நினைத்தபோதுகூட அது குறையவில்லை. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். ஆனால் அதற்காக நான் பிரேக்கை அழுத்தவில்லை.

கீழ்கேட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவர் அப்படியே நின்றார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வந்த பக்கத்தைப் பார்த்தார். "மேலேர்ந்தா வர்றே? மேல கேட் திறக்கவே இல்லையே!"

"நடுவுலேர்ந்து வர்றேன். இந்தாங்க. ஒரே ஒரு பைக்க மட்டும் ஏத்திவிட்டு, அவன்கிட்ட பலகையக் குடுத்து அனுப்புங்க. அவன் மேல போனதும் பஸ் இறங்கிரும். மேட்ச்சுக்குப் போயிருவாங்க. சரியா?"

நல்ல யோசனைதான். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் கேட்டுக்கு வெளியே காலையிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்த லாரிகள், டாக்சிகள், காய்கறி வேன்கள் எல்லாம் பலகையைப் பார்த்துவிட்டன. "பலகை கீழ வந்துருச்சுடா! நம்ம முறை!" ஒரே நேரத்தில் எல்லா ஹாரனும். கீழ்கேட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்துப் பார்த்தார். அவர் ஒரு ஸ்கூட்டரையே தடுக்காதவர். முழு வரிசையும் மேலே போனது. பலகை அதன் வாலில்.

நான் நின்று பார்க்கவில்லை. ஸ்கூட்டரை அவரிடம் விட்டுவிட்டு டெஸ்ட் நடக்கிற மைதானத்துக்கு ஓடினேன்.

டெஸ்ட் எடுக்கிற அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தார். "பேரக் கூப்பிட்டோம். வரல. ரோடு அடைச்சிருக்கு, மேலேர்ந்து யாரும் வர முடியாதுன்னாங்க."

"வந்துட்டேன் சார்."

"எப்படி?"

"உருண்டு வந்தேன் சார்."

என் மழைக்கோட்டிலிருந்து அவர் பூட்ஸ் மேல் தண்ணீர் சொட்டியது. லாரியைக் காட்டினார். "ஏறு. அந்தச் சரிவுல பின்னால எடு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல."

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் எடுப்பது என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்தப் பழைய லாரிதான் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. இறங்கி, லாரியின் பின்பக்கம் நடந்து போய், இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து ஏறினேன். "என்ன செஞ்சே?" என்றார். "பின்னால என்ன இருக்குன்னு பாத்தேன் சார்" என்றேன். மெதுவாக எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை.

பாஸ்.

மேலே போனபோது ஊரே கேட்டில் நின்றது போல இருந்தது. பையன்கள் மேட்ச்சுக்குப் போகவே இல்லை. வராததால் தோற்றதாக எழுதிவிட்டார்களாம். பல்வலி அம்மாவுக்குக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. விளையாட்டு வாத்தியார் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் சொல்லவில்லை. ஒரு பையன் மட்டும், "அக்கா, நிஜமாவே இன்ஜின் இல்லாமயா போனீங்க?" என்று கேட்டான். வாத்தியார் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

கமிட்டி பேக்கரியில் கூடியது. எனக்குக் கொடுக்கக்கூடாது என்று பாதிப் பேர். பலகையைத் திருப்பியவளிடம் பஸ்ஸைக் கொடுத்தால், நாளைக்கு அவளுக்கு அவசரம் வந்தால் பஸ்ஸையே திருப்ப மாட்டாளா? நியாயமான கேள்விதான். அண்ணன் சொன்னபடி எனக்காகப் பேசவில்லை. அவனிடம், "அப்ப நீ வர்றியா?" என்று கேட்டபோது மட்டும், "எனக்கு வேணாம்" என்றான். ஏன் என்றார்கள். "பால் கேன் எதுவும் பின்னாடி உக்காந்து குறை சொல்லாது" என்றான். வேறு ஆள் இல்லாததால் பஸ் என்னிடம் வந்தது. விருப்பப்பட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது.

முதல் நாள் காலை. பஸ் நிறைந்திருந்தது. பெரிய டிரைவர் முதல் சீட்டில், என் பழைய இடத்தில், பயணியாக. பையன்கள் வேறு ஒரு மேட்ச்சுக்கு, அதே நீல டிராயரில். ஏறி வந்த கடைசி வண்டி பலகையைக் கொடுத்துவிட்டுப் போனது. என் கண் முன்னால்தான் சித்தப்பா அதை வாங்கி ஆணியில் மாட்டினார். அந்தக் காலைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை.

கேட்டைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. திறக்கவில்லை. கூண்டுக்குள் போய் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். ஊதி ஊதிக் குடித்தார்.

என் இடது கால் கிளட்ச் மேல் தானாக ஆடியது. கையால் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஹாரன் அடிம்மா" என்றார் விளையாட்டு வாத்தியார் பின்னாலிருந்து. அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

"மாட்டேன் சார்."

"ஏன், பயமா?"

"அவர் டீய முடிக்கட்டும் சார்."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் அதற்கும் மேலே. பல்வலி அம்மா, கன்னம் வற்றிப் போய், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஏம்மா, இன்னைக்காவது நாங்களும் கீழ போய்ச் சேருவோமா, இல்ல நீ மட்டும்தானா?" என்று கேட்டார். பஸ்ஸே குலுங்கியது.

சித்தப்பா தம்ளரைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் பக்கம் நின்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டைத் தூக்கினார்.

"மெதுவா போ" என்றார்.

கியரைப் போட்டேன்.